பிச்சி விலை, ஆடி பதினேழு

காசு கேட்கவில்லை.
பெயர்கூடக் கேட்கவில்லை.
எண்களைக் கொண்டுவந்து கொட்டு என்றது,
அவ்வளவுதான்.

ஆறு வருடத்துப் பிச்சி விலையைக் கொட்டினேன்.
தோவாளைச் சந்தையிலிருந்து
கேரளத்து வண்டி கிளம்பும்போது
நிற்கிற விலை, நாளுக்கு ஒன்று.
ஈரக் கையால் எழுதிய சிட்டைகள்;
சில எட்டுகள் கரைந்து மூன்றாகியிருந்தன.
முந்தின நாளின் நியாயம் பார்த்துத் திருத்தினேன்.

திரையில் சின்னச் சக்கரம் சுற்றியது,
காற்றில்லாத நாளின்
ஆரல்வாய்மொழிக் காற்றாலை மாதிரி.
பிறகு ஒரு நீலக்கோடு
நாளையை நோக்கி நடந்தது.
அதன் இருபுறமும் சாம்பல் நிறம்:
நாளைக்கு ஒரு சாண்,
அடுத்த வாரத்துக்கு ஒரு முழம்,
ஓணத்தை எட்டும்போது
திரை முழுக்கச் சாம்பல்.

எனக்கு அது பிடித்துப்போனது.
தெரியாததை இவ்வளவு அகலமாக
ஒத்துக்கொண்ட ஒருவரையும்
இந்தச் சந்தையில் நான் பார்த்ததில்லை.

நல்லபெருமாள் அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை.
"முந்நூத்தம்பதுலேருந்து அறுநூறா?
இதைச் சொல்ல மெசின் எதுக்கு பிள்ளே?
ஒத்த வெல சொல்லு."

ஜனவரி அதற்குத் தெரிந்தது, தை தெரியவில்லை.
திங்கள் செவ்வாய் தெரிந்தது,
வளர்பிறை தெரியவில்லை.
ஆகவே ஒரு பத்தி சேர்த்தேன்:
பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் என்றால் ஒன்று,
இல்லாவிட்டால் பூஜ்யம்.
பிழை குறைந்தது.
சர்ச் கல்யாணங்களுக்கு இன்னொரு பத்தி:
தவக்காலம் முழுக்கப் பூஜ்யம்,
ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை ஒன்று.
இன்னும் குறைந்தது.
சாவுக்கும் ஒன்று போட்டுப் பார்த்தேன்.
சாவுக்கு அரளியும் கேந்தியும்தான் ஏறுகின்றன,
பிச்சியை அது தொடுவதில்லை.

இப்போதெல்லாம் அண்ணாச்சி
தராசுக்குப் போகுமுன்
என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.
நின்றதாகக் காட்டிக்கொள்வதில்லை.

நேற்று, மிச்சங்களை வரையச் சொன்னேன்.
கணக்கு சொன்னதற்கும் சந்தை சொன்னதற்கும்
இடையில் உதிர்ந்த புள்ளிகள்,
ஏலம் முடிந்த தரை மாதிரி.
ஒன்று மட்டும் உச்சியில், தனியே.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஆடி பதினேழு.
எதிர்பார்த்தது நானூற்றுப் பத்து.
விற்றது ஆயிரத்து நூறு.

முகூர்த்தப் பத்தியில் பூஜ்யம்;
ஆடியில் யார் தாலி கட்டுவார்?
சர்ச் பத்தியிலும் பூஜ்யம்.
அன்றைக்குச் சாரல்.
வந்ததே ஒன்பது கிலோ.
பெட்டிவண்டி ஓட்டும் வில்பின்
பேரம் பேசாமல் ஒன்பதையும் அள்ளினான்.
"எந்த வீட்டுக் கல்யாணம்டே?"
அண்ணாச்சி கேட்டார்.
அவன் வண்டிச் சாவியைத் தேடினான்.
பில் போட்டவள் நான்.
குனிந்தே போட்டேன்.

பத்தரை மணிக்குப்
பூதப்பாண்டி சார்பதிவகத்தில்
சாட்சிகளுக்கு, சாட்சியின் மனைவிக்கு,
ரப்பர் முத்திரை குத்திய அம்மாவுக்கு என்று
கொடுத்தும் தீரவில்லை பூ.
பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பிள்ளைகள்
தலைக்கு இரண்டு முழம் வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் புள்ளி விலகியிருக்கிறது,
நீக்கிவிடலாமா என்கிறது மென்பொருள்.
மரியாதையாகத்தான் கேட்கிறது.
நீக்கினால் சராசரிப் பிழை
முப்பத்தோரு பைசா குறையுமாம்.

வேண்டாம் என்று அழுத்தினேன்.
முப்பத்தோரு பைசாவுக்குக்
கணக்கு உதைத்துக்கொண்டே கிடக்கட்டும்.

பின்னால் தொண்டைச் செருமல்.
"நாளைக்கு?"
"முந்நூத்தி எம்பது, அண்ணாச்சி."
"எத்தனை சாண் முன்னே பின்னே?"